பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பும் வீட்டுக்கும் ஒரு வகுப்பு வையுங்கள்

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களின் துணை இயக்குநர்களுக்கும், உதவி இயக்குநர்களுக்கும், ஊர்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் சங்கத்தாருக்கும்,

வணக்கம்.

நான்கு ஆண்டுப் படைப் பணிக்கான அக்னிவீர் தேர்ச்சிப் பட்டியல் வந்த நாளிலிருந்து பையன் பயிற்சி மையத்தின் வாசலில் போய் இறங்கும் நாள்வரை அவனுக்கு ஆயிரம் பேர் அறிவுரை சொல்கிறார்கள். அவனைப் பெற்றவர்களுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. அடுத்த ஆறேழு மாதம் அவனுடைய பயிற்சி எப்படிப் போகும் என்பதில் பாதி, வீட்டிலிருந்து அவன் காதில் விழும் வார்த்தைகளைப் பொறுத்தது. ஒவ்வொரு முறை பட்டியல் வந்ததும், பையன்கள் புறப்படுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பாக, உங்கள் அலுவலகத்தில் பெற்றோர்களை மட்டும் உட்காரவைத்து அரை நாள் வகுப்பு நடத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்களிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. மாவட்ட ஆட்சியரின் தலைமையில் இயங்கும் அமைப்பு உங்களுடையது. ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமன்றி, பணியில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. சேர்க்கை முடிந்த நாளிலிருந்து அந்தப் பையன் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவன்; அவன் வீடு படைவீரர் வீடு. சென்னை, திருச்சி, கோவை ஆள்சேர்ப்பு அலுவலகங்களில் மாவட்டவாரியாகப் பெயர் கேட்டு வாங்க உங்களால் முடியும். வகுப்பெடுக்க ஆளும் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் இது தேவைப்படாது. அங்கே வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிறார், திண்ணையிலேயே எல்லாம் தெரிந்துவிடும். தலைமுறையில் முதல் ஆளாகப் பிள்ளையை அனுப்பும் வீடுகளுக்காகத்தான் கேட்கிறோம். அங்கே விவரம் சொல்ல வருபவர் பெரும்பாலும் ஏஜென்ட்.

வகுப்பில் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்ததை எழுதுகிறோம்.

முதலில் உடம்பு. தேர்வு முடிந்ததும் பையன் ஓட்டத்தை விட்டுவிடுகிறான். உறவுக்காரர்கள் வீட்டில் விருந்து நடக்கிறது, எடை கூடுகிறது. முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளிக்குப் பிறகு பயிற்சி மையத்தில் திடீரென்று ஒரே நாளில் ஓட்டம், டிரில், பூட்ஸோடு நடை எல்லாம் சேர்ந்து வருகின்றன. எலும்புக்குப் புதுப் பாரம் வந்தால், அது முதலில் பழைய திசுவைக் கரைத்துவிட்டு அப்புறம்தான் புதியதைக் கட்டும். கரைவது வேகம், கட்டுவது தாமதம். அதனால் மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம்வரை முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பு பலவீனமாகவே இருக்கும். அழுத்த முறிவு என்கிற மயிரிழை விரிசல் அப்போதுதான் விழுகிறது. ஆகவே புறப்படும்வரை வாரத்துக்கு மூன்று நாளாவது 3 முதல் 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். தூரத்தை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக் கூடாது. கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். நடுவில் விட்டதைப் பிடிக்கிறேன் என்று கடைசிப் பத்து நாளில் வெறியாக ஓடினால் வலியோடுதான் ரயில் ஏறுவான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து, குறைவாக இருந்தால் மாத்திரை தொடங்குங்கள். சொத்தைப் பல்லை அடைத்துவிடுங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால் மருத்துவரிடம் எடுத்துவிடுங்கள். மையத்தில் மறுபடியும் மருத்துவப் பரிசோதனை உண்டு.

அடுத்து காகிதம். பெற்றோர் மட்டுமே சரிசெய்யக்கூடிய வேலை இது. தமிழ்நாட்டு இனிஷியல் வழக்கம் ராணுவப் படிவத்தோடு ஒத்துப்போகாது. தகப்பனார் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் இனிஷியல் பின்னால், ரேஷன் கார்டில் முன்னால். ராமசாமி என்ற பெயர் ஆங்கிலத்தில் ஓரிடத்தில் எஸ்.ஏ.எம்.ஒய். என்று முடியும், மற்றோரிடத்தில் எஸ்.டபிள்யூ.ஏ.எம்.ஐ. என்று முடியும். அன்றாட வாழ்க்கையில் இதனால் ஒரு குறையும் வராது. பையனுடைய ஆவணத்தில் பெற்றோர் பெயர், பிறந்த தேதி ஏறும்போதும், காப்பீட்டுக்கு வாரிசுதாரர் பெயர் எழுதும்போதும்தான் அடிபடும். அக்னிவீரருக்கு 48 லட்ச ரூபாய்க் காப்பீடு இருக்கிறது. அவர் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. அந்தப் படிவத்தில் உள்ள பெயரும் தாயாரின் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் வேறு வேறாக இருந்தால், குடும்பம் நொறுங்கிக் கிடக்கும் நேரத்தில் அலைச்சலும் சேர்ந்துகொள்ளும். எதை எதற்கு ஏற்பத் திருத்துவது என்று கேட்பார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அப்படியே வைத்துக்கொண்டு, பெற்றோரின் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்பத் திருத்துவதே சுலபம். மதிப்பெண் சான்றிதழில் கைவைத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். தாயும் தகப்பனும் பிரிந்து வாழும் வீடுகளில் வாரிசுதாரர் யார், எத்தனை பங்கு என்பதைப் பையன் புறப்படும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பையனை வரிசையில் நிற்கும்போது அந்த முடிவை எடுக்கவிடுவது நியாயமில்லை.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீருடை, பூட்ஸ் அங்கே கொடுப்பார்கள். பாலிஷ், பிரஷ், பக்கெட், பூட்டு மாதிரிச் சில்லறைச் சாமான்களை மையத்துக் கேண்டீனிலேயே வாங்கிக்கொள்ளலாம். கையில் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் போதும். தங்கச் செயின், மோதிரம், விலை உயர்ந்த போன் வேண்டாம். அசல் சான்றிதழ்களோடு இரண்டு செட் நகலும், ஒரு டஜன் பாஸ்போர்ட் அளவுப் படங்களும் வைத்துவிடுங்கள். எல்லா நகலும் வீட்டிலும் ஒரு செட் இருக்கட்டும். வலி மாத்திரை மட்டும் கண்டிப்பாக வேண்டாம். மாத்திரை போட்டு வலியை மறைத்துக்கொண்டு ஓடுபவனுக்குத்தான் சின்ன விரிசல் முழு முறிவாகிறது. தண்ணீர் குறைந்த உடம்பில் அதே மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மொழியையும் வீட்டிலேயே கொஞ்சம் பழக்கலாம். உஸ்தாதுகள் எனப்படும் பயிற்றுநர்கள் இந்தியில் பேசுவார்கள்; கட்டளையும் இந்திதான். சாவ்தான் (நேராக நில்), விஷ்ராம் (இலகுவாக நில்), தாஹினே முட் (வலப்புறம் திரும்பு), பாயே முட் (இடப்புறம் திரும்பு) ஆகிய சொற்கள் காதில் பழகியிருந்தாலே முதல் வாரத்துத் திட்டில் பாதி குறையும். வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்திலும், பெங்களூரில் ‘தம்பி’ என்று அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்கள் மையத்திலும் சுற்றிலும் தமிழ் கேட்கும். ஜபல்பூர், நாசிக், அகில்யாநகர், லக்னோ, ஒடிசாவின் கோபால்பூர் என்று போகிறவனுக்கு அது கிடைக்காது. அங்கே இரவுச் சாப்பாடு சப்பாத்தியும் பருப்பும்தான். கடைசி மாதம் வாரத்தில் நாலு இரவு வீட்டிலும் சப்பாத்தி போடுங்கள்.

இனி, பெற்றோருக்கு உண்மையிலேயே கஷ்டமான பகுதி. முதல் இரண்டு மூன்று வாரம் போன் வராமல் போகலாம். போன்களை வாங்கி வைத்துவிடுவார்கள். பிறகு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். எப்போது, எவ்வளவு நேரம் என்பது, மையத்துக்குள் கம்பெனி என்று சொல்லப்படும் பயிற்சிப் பிரிவைப் பொறுத்து மாறும். இது தெரியாத வீட்டில் நாலாம் நாளே அடுப்பு எரியாது. தாய் சாப்பிட மாட்டார், தகப்பன் யாரோடும் பேசமாட்டார், ‘நீதானே அனுப்பச் சொன்னே’ என்று இருவருக்கும் நடுவே தொடங்கிவிடும். ‘மூணு வாரம் போன் வராது, வராவிட்டால் அவன் நல்லா இருக்கான் என்று அர்த்தம்’ என்று சீருடை போட்டிருந்த ஒருவர் வாயால் முன்கூட்டியே கேட்டிருந்தால், அந்த வீடு நிமிர்ந்து நிற்கும். நாங்கள் கேட்கும் வகுப்பில் வேறு எதற்கும் நேரமில்லாமல் போனாலும் இந்த ஒரு செய்தியைச் சொல்லிவிடுங்கள்.

போன் வராத காலத்துக்குக் கடிதம் இருக்கிறது. தபால் போய்ச் சேர ஒரு வாரம் ஆகலாம் என்பதால் வாரம் ஒன்று எழுதிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. தங்கையின் பரீட்சை, கிணற்றில் தண்ணீர் ஏறியது, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று வீடு வழக்கம்போல நடக்கிறது என்பது தெரியும்படி எழுதினால் போதும். கடன், பங்காளிச் சண்டை, பாட்டிக்கு முடியவில்லை என்பதெல்லாம் அவனால் ஒன்றும் செய்ய முடியாத விஷயங்கள். இரவு பத்து மணிக்கு அவற்றைப் படித்துவிட்டு விடியற்காலை ஓடப் போகிறவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு பத்து நிமிஷம் என்றால், அதில் ஏழு நிமிஷம் மாமா, சித்தப்பா கைகளில் போன் சுற்றுவதிலேயே போய்விடுகிறது. முதல் ஐந்து நிமிஷம் தாய்க்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ‘சாப்பிட்டியா’ என்றால் ‘சாப்பிட்டேன்’ என்பான், அதற்கு மேல் ஒன்றும் வராது. காலைப் பற்றிக் கேளுங்கள்: கொப்புளம் இருக்கிறதா, நகத்தை நேராக வெட்டுகிறாயா, சாக்ஸ் காய்கிறதா. கொப்புளத்தின் தோலை உரிக்காதே என்று சொல்லுங்கள். முன்னெலும்பு வலி இருந்தால் எப்படிப்பட்ட வலி என்று கேளுங்கள். காலெல்லாம் வலித்து, ஓட ஓடச் சூடேறிக் குறைந்தால் பெரும்பாலும் தசை வலி. ஒரு விரல் வைத்துக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்து, இரவு படுத்த பிறகும் விடாமல் இருந்தால் மறுநாள் காலையே எம்.ஐ. ரூம் என்னும் மையத்தின் மருத்துவப் பரிசோதனை அறைக்குப் போகச் சொல்லுங்கள். சிறுநீர் என்ன நிறம் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். மஞ்சள் அடர்ந்தால் தண்ணீர் போதவில்லை. கடுமையான பயிற்சிக்குப் பிறகு டீ டிகாஷன் நிறத்தில் போனால் அந்த நிமிஷமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியதற்கு அது அடையாளம்.

பையன் வலியைச் சொல்லாமல் மறைப்பதற்குக் காரணம் ரெலிகேஷன் பயம். சில வாரப் பயிற்சி தவறினாலோ தேர்வில் தேறாவிட்டாலோ அடுத்த பேட்சுக்குப் பின்னால் தள்ளுவார்கள். அதை வீட்டில் ‘ஃபெயிலாயிட்டான்’ என்று எடுத்துக்கொண்டு, ‘ஊரில் என்ன சொல்வது’ என்று போனில் அழுகிறார்கள். அதைக் கேட்டவன் அடுத்த முறை வலியைச் சொல்லவே மாட்டான். பின்தள்ளப்பட்டவனும் அதே பயிற்சியை முடித்து அதே சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறான். சில வாரம் தள்ளிப் போகிறது, அவ்வளவே. வலியை மறைத்து எலும்பை முறித்துக்கொண்டவனுக்குப் போவது மாதங்கள். சில சமயம் வேலையே. ‘பின்னாடி போனாலும் பரவாயில்லை, காலைக் காட்டு’ என்று வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வந்தால், எந்த உஸ்தாதாலும் கொடுக்க முடியாத தைரியம் அவனுக்குக் கிடைக்கும்.

‘அம்மா, என்னைக் கூட்டிட்டுப் போ’ என்று முதல் மாதத்தில் அழாத பையன் குறைவு. அழுதால் அழட்டும், நீங்களும் அழலாம். ‘வந்துடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள்; ‘ஊர் சிரிக்கும்’ என்றும் சொல்லாதீர்கள். அடுத்த ஞாயிறுவரை இரு, அப்போது பேசுவோம் என்று ஒரு வாரத்துக்கு மட்டும் எல்லை கட்டுங்கள். தூக்கமும் சாப்பாடும் போய் இரண்டு வாரம் ஆகிறது, செத்துவிடலாம் என்கிற மாதிரிப் பேசுகிறான் என்றால் அதை வீட்டு ஏக்கம் என்று தள்ளிவிடாமல், அன்றைக்கே கம்பெனி கமாண்டருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் பையனுக்குக் கெட்ட பெயர் வரும் என்ற பயம் தேவையில்லை. பெற்றோருக்கே தூக்கம் போய்விட்டால் டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இந்த எண்ணை உங்கள் அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஓடி வந்துவிடும் பையன்களைப் பற்றியும் வகுப்பில் மூடி மறைக்காமல் பேசுங்கள். விடியற்காலையில் வாசலில் வந்து நிற்பவனை ஒளித்து வைப்பதுதான் பெற்றோர் செய்யும் பெரிய கெடுதல். அனுமதியில்லாமல் போய் 30 நாள் கடந்தால், 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி விசாரணைக் குழு அமைத்து அதைப் பதிவு செய்வார்கள். அதன்பின் அவன் தப்பியோடியவன். போலீஸ் தேடி வரும். இரண்டு மூன்று நாளில் தானாகத் திரும்பினால் தண்டனை மையத்துக்குள்ளேயே முடிந்துவிடுவது வழக்கம். சோறு போட்டுத் தூங்கவைத்து, மையத்துக்கு போன் செய்து, மறு ரயிலிலேயே பெரியவர் ஒருவரோடு அனுப்புங்கள். அக்னிவீரராகச் சேர்ந்தவர் விதிவிலக்கான சூழ்நிலை தவிர இடையில் சொந்த விருப்பத்தில் விலக முடியாது என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே குடும்பம் அறிந்திருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி. முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 30,000. அதில் 9,000, நான்கு ஆண்டு முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் சேவா நிதிக்குப் போய்க் கையில் 21,000 வரும். முதல் சம்பளம் ஏற ஆவண வேலைகள் முடிய வேண்டும், சாமான் செலவும் இருக்கும். அதை நம்பி பைக் தவணையோ சீட்டோ போட்டுவிடாதீர்கள். நான்கு ஆண்டில் அவன் பங்கு 5 லட்சத்து 2 ஆயிரம், அரசின் பங்கும் அதே அளவு, அதற்கு மேல் வட்டி. பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. நான்கு ஆண்டு முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். இதைச் சொல்லாமல் பையனுக்குப் பெண் பார்க்கும் வீடுகளும் உண்டு. பத்தாம் வகுப்போடு போனவனுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பும், இக்னோ வழியாகப் பட்டமும் படிக்க ஏற்பாடு இருக்கிறது. முதல் விடுப்பில் வரும்போது வீட்டில் பேச வேண்டிய முதல் விஷயம் இதுவாக இருக்கட்டும்.

‘உங்க பையன் மிலிட்டரி ஆஸ்பத்திரியில இருக்கான், உடனே பணம் அனுப்புங்க’ என்று சுபேதார் பெயரில் யாராவது பேசினால் நம்ப வேண்டாம். ராணுவ மருத்துவமனையில் பயிற்சி வீரருக்குச் செலவு இல்லை, எந்த மையமும் பெற்றோரிடம் பணம் கேட்காது. பையனுடைய படை எண், கம்பெனி, பிளட்டூன் கேட்டால் அந்த ஆள் தடுமாறுவான். அந்த மூன்றையும், மையத்தின் தொலைபேசி எண்ணையும், முழு முகவரியையும் முதல் கடிதம் வந்ததும் ஓர் அட்டையில் எழுதிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். வீட்டில் சாவு போன்ற அவசரம் வந்தால் விடுப்புக்கும் அதே விவரம்தான் வேண்டும். முன்பு தந்தி கொடுத்தால் போதும். 2013-இல் தந்தி நின்றுபோனது. இப்போது மையம் உறுதி செய்துகொள்ள நம்பகமான ஒரு குரல் தேவை. இரவானாலும் விடுமுறையானாலும் அந்தக் குரலாக இருக்க ஓய்வு பெற்ற ஒரு ஜே.சி.ஓ.வை (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரியை) மாவட்டத்துக்கு ஒருவராக நீங்கள் நியமித்து, அவர் எண்ணை வகுப்பிலேயே கொடுக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டாவது கோரிக்கை.

பெண் பிள்ளையை பெங்களூர் ராணுவக் காவல் படை மையத்துக்கோ, கடற்படைக்காக ஒடிசாவின் ஐ.என்.எஸ். சில்காவுக்கோ அனுப்பும் பெற்றோர் வகுப்புக்கு வந்தால், அவர்களோடு பேச முன்னாள் ராணுவ நர்சிங் அதிகாரி ஒருவரையாவது கூப்பிடுங்கள். மாதவிடாய் நின்றுபோவதும், அதைத் தொடர்ந்து எலும்பு பலவீனப்படுவதும் கடும் பயிற்சியில் நடக்கக்கூடியவை. உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதைத் தாய்க்கு ஒரு பெண் சொன்னால்தான் போய்ச் சேரும்.

பயிற்சி முடிந்து சத்தியப் பிரமாணம் எடுக்கும் கசம் பரேடுக்குப் போவதற்கும் கொஞ்சம் விவரம் சொல்லி அனுப்புங்கள். தேதி நெருக்கத்தில்தான் உறுதியாகும். வரப்போகிறவர்களின் பெயரைப் பையன் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஆதார் அசல் கையில் இருக்க வேண்டும். பரேடு காலையிலேயே தொடங்கும் என்பதால் முதல் நாளே போய்விடுவது நல்லது. வெலிங்டன் என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் பஸ், அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். 2024 மே மாதத்திலிருந்து வெளி மாவட்ட வண்டிகளுக்கு நீலகிரி இ-பாஸ் வேண்டும். வேன் பிடித்துப் போகிறவர்கள் இதை மறந்துவிட்டுச் சோதனைச் சாவடியில் நிற்கிறார்கள். அரசுப் பஸ்ஸில் போனால் அது வேண்டாம். பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் அவசியம். சில மையங்களில் பெற்றோரையும் மைதானத்துக்கு அழைத்து கௌரவ் பதக் என்னும் பதக்கத்தைக் குத்திவிடுகிறார்கள். கூட்டத்தில் பின்னால் நின்றுவிடாமல் பெயர் கூப்பிடும்போது காதில் விழும் இடத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் தனி நிதி கேட்கவில்லை. உங்கள் கூட்ட அறை, ஒரு சனிக்கிழமை முற்பகல், இரண்டு பக்கத் தமிழ்ப் பிரசுரம், மையம்வாரியாகப் பணியாற்றிய நாலைந்து முன்னாள் வீரர்கள் போதும். சிக்னல்ஸ் மையத்துக்குப் போகிற பையனின் தாயோடு ஜபல்பூரில் இருந்தவர் பேசட்டும். பீரங்கிப் படை என்றால் நாசிக்கிலோ ஹைதராபாத்திலோ இருந்தவர் பேசட்டும். சங்கத்தார் ஆள் தருவதற்கு நாங்கள் பொறுப்பேற்கிறோம். அடுத்த பட்டியல் வரும்போது எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பயிற்சி மையங்களில் உஸ்தாதாக இருந்து ஓய்வு பெற்றவர்களும், பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிய பெற்றோர்களும்